ஞாயிறு நாலு மணிப் பச்சோந்தி

மூடியை முழுக்கத் திறக்காதீங்க அண்ணா. விரல் நுழைகிற அளவுக்குப் போதும். வெளிச்சம் ஒரேயடியாக அடித்தால் பயந்துவிடும். அந்த ஸ்டூலில் உட்காருங்க. ஃபேன் போட மாட்டேன், தப்பாக நினைக்காதீங்க. இதுகளுக்குக் காற்று ஆகாது. கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

வேளச்சேரியிலிருந்தா வருகிறீங்க? இந்த மழையிலா? பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டா? நல்லது. டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

போனிலேயே சொன்னேனே அண்ணா, இப்போது புதிதாக எதையும் எடுப்பதில்லை என்று. தெளிவாகத்தான் சொன்னேன். 'கொஞ்சம் கஷ்டம்தாண்ணா, பார்க்கலாம்' என்றேன். அப்புறமும் வந்துவிட்டீங்க. பரவாயில்லை. மூன்று மாடி ஏறி வந்தவரைப் படியிலேயே நிறுத்தியா பேச முடியும்.

காட்டுங்க. ம். தாடை மெத்தென்று இருக்கிறது. முன்னங்கால் வளைந்துவிட்டது. கண் உள்ளே போயிருக்கிறது. சாப்பிட்டு எத்தனை நாள்? பத்தா? தண்ணீர்? கிண்ணத்தில் வைத்தீங்களா? எல்லோரும் கிண்ணத்தில்தான் வைக்கிறார்கள். இது அரபு தேசத்து ஏமன் பக்கத்துப் பச்சோந்தி. தேங்கி நிற்கிற தண்ணீர் இதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் சொட்டி, அந்தச் சொட்டு நகர்ந்தால்தான் நாக்கை நீட்டும். நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தாகத்தில் செத்ததுகள் இருக்கின்றன அண்ணா.

அதோ, செம்பருத்திச் செடிக்கு மேலே தொங்குகிறதே, அது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்தான். வாங்கப் போனபோது மெடிக்கல்காரர் 'யாருக்குத் தம்பி, அம்மாவுக்கா?' என்றார். ஆமாம் என்றுவிட்டேன். பச்சோந்திக்கு என்றால் கொடுப்பாரோ மாட்டாரோ. இப்போது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் 'அம்மா எப்படி இருக்காங்க?' என்கிறார். 'தேவலைண்ணா' என்கிறேன். வேறு என்ன சொல்வது.

பிழைக்குமா என்றா கேட்கிறீங்க. முதலில் தண்ணீர் குடிக்கட்டும். கை படாமல், அது பிடித்திருக்கிற குச்சியோடு அப்படியே உள்ளே வைக்கிறேன். ம். செடியைப் பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. இனி நாம் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசுவோம். உற்றுப் பார்த்தால் குடிக்காது.

அந்தச் சத்தமா? சில்வண்டு. இதுகளின் சாப்பாடு. முட்டை அட்டையில் நானே வளர்க்கிறேன். ஹவுஸ் ஓனர் ஒருநாள் வந்து, 'என்னப்பா ஓயாம கத்திக்கிட்டே இருக்கு?' என்றார். 'பார்க்கிறேன் சார்' என்றேன். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் எடுப்பதில்லை என்றால், சொல்கிறேன். நீங்களும் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்க.

நான் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையில் பச்சோந்தி விற்பதில்லை. ஆனால் வேறு எங்கோ வாங்கியவர்கள், அது சோர்ந்துபோனதும் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மீன் கடைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. முதலாளி 'நமக்குத் தெரியாதுங்க, எடுத்துட்டுப் போங்க' என்று கறாராகச் சொல்லிவிடுவார். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அப்படித்தான் இந்த அறைக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இரண்டு வருஷத்தில் பதினொன்று. நாலு தேறின.

ஆகஸ்டில் ஒருநாள் தெரசம்மா வந்தார்கள். பெரம்பூர். கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். அறுபத்து மூன்று வயது, முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. படிக்கு ஒரு 'இயேசுவே' சொல்லி ஏறி வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு டர்க்கி டவல், டவலுக்குள் மிட்டாய்.

மிட்டாய் என்று பேர் வைத்தது மகன். எட்வின் அண்ணன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"நான்தான்ப்பா பார்த்துக்கறேன். கிண்ணத்துல தண்ணி வெச்சேன், திராட்சை வெச்சேன். என்னைக் கண்டாலே கண்ணை மூடிக்குது. என்மேல அதுக்கு என்ன கோவம்?" என்றார்கள்.

கோபமில்லை, கண் திறக்கத் தெம்பில்லை. அதை எப்படிச் சொல்வது? 'சரியாயிடும்மா' என்றேன்.

பறவை, பாம்பெல்லாம் பார்க்கிற டாக்டர் ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். எலும்பு கரைந்திருக்கிறது என்றார். சுண்ணாம்புச் சத்துப் பொடி, விளக்கு, சொட்டுத் தண்ணீர் எல்லாம் எழுதிக் கொடுத்தார். கடைசியில், "இதெல்லாம் ரெண்டாவதுதான். தொந்தரவு பண்ணாதே. தூக்காதே, காட்டாதே, இன்னொரு பச்சோந்தி கண்ணுல படவிடாதே. சும்மா விட்டா உசுரு பொழைக்கும்" என்றார். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது தடவை வந்தபோதுதான் தெரசம்மா மற்றதைச் சொன்னார்கள். போன டிசம்பரில் எட்வின் அண்ணன், அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். அம்மா, 'அப்படின்னா உங்கம்மா செத்துட்டான்னு நெனச்சுக்கோ' என்று போனை வைத்துவிட்டார்கள். கோபத்தில் எல்லா அம்மாவும் சொல்கிறதுதான். அவர் அப்படியே நினைத்துக்கொண்டுவிட்டார். எட்டு மாதம் அண்ணா. அவரும் கூப்பிடவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை. மிட்டாய் கண் திறக்காமல் கிடந்த அன்றைக்கு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் போன்.

"எட்டு மாசம் கழிச்சு எம்புள்ள கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா பொன்ராஜு? 'கண்ணு எத்தனை நாளா உள்ள போயிருக்கு?'"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, சமைத்துக்கொண்டு, மூன்றரைக்கு இங்கே வந்துவிடுவார்கள். நாலு மணிக்கு எட்வின் அண்ணன் வீடியோவில் வருவார். அம்மா வீட்டிலிருக்கும்போது கூப்பிட மாட்டார். மிட்டாய் இருக்கிற இடத்துக்குத்தான் கூப்பிடுவார். அம்மா போனைக் கூண்டுக்கு நேராகப் பிடிப்பார்கள். அவர் மிட்டாயைப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், வைத்துவிடுவார். அம்மாவின் முகம் அந்தப் படத்தில் வரவே வராது. ஆனாலும் கோயிலுக்குக் கட்டிய நல்ல சேலையோடுதான் வருவார்கள்.

என்னைச் சாப்பிடவைத்துவிட்டுத்தான் போவார்கள். ஆப்பமும் கோழிக் குழம்பும். ஒரு தடவை மீன் கட்லெட். அந்தச் சாப்பாட்டுக்காக நான் எதையும் செய்யவில்லை. அப்படி நினைத்துவிடாதீங்க.

மெதுவாக. கழுத்தைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் பாருங்க. தொண்டை அசைகிறதா? குடிக்கிறது. இது நல்ல அறிகுறி அண்ணா. நிஜமாகவே நல்ல அறிகுறி. ஒரு மாதம் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால், இது பிழைக்கவும் பிழைக்கும்.

மிட்டாயும் அப்படித்தான் தேறிக்கொண்டு வந்தது. செப்டம்பர் நடுவில் கண் திறந்தது. ஒருநாள் மூன்று சில்வண்டு சாப்பிட்டது. உடம்பு முழுக்க வெளிறின பச்சை, வாழைக்குருத்து மாதிரி. நிம்மதியாக இருந்தால் அந்த நிறத்தில்தான் இருக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஞாயிறு எட்வின் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வெளுத்துப்போய்க் கெடக்கு? நம்ம வீட்ல எப்படி இருந்தான்! மஞ்சளும் நீலமுமா பட்டை பட்டையா ஜொலிப்பானே. நீ கவனிக்கவே இல்லையாம்மா?" என்றார்.

அவர் வளர்த்தது டிவி ஷோகேஸில். பின்பக்கம் கண்ணாடி பதித்த ஷோகேஸ். தன் உருவத்தையே இன்னொரு ஆண் என்று நினைத்து, அது வருஷக்கணக்காகச் சண்டைக்கு நின்றிருக்கிறது. அந்த ஆத்திரத்தைத்தான் இவர் அழகு என்று நினைத்திருக்கிறார். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். 'அண்ணே' என்று சொல்லியும் விட்டேன். அதற்குள் "சரிம்மா, வெக்கிறேன்" என்று போய்விட்டார்.

அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நான் கவனிக்கலையாம்" என்றார்கள். அன்றைக்கு ஆப்பத்தை டப்பாவிலிருந்து எடுக்கவே மறந்துபோனார்கள்.

அடுத்த ஞாயிறு போன் அடிக்கிற நேரத்தில் நான்தான், நானாகத்தான், என் சவரக் கண்ணாடியை எடுத்துக் கூண்டுக்கு ஓரமாகக் காட்டினேன். அம்மா கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு விநாடிதான் ஆயிற்று. உடம்பு உப்பிற்று. கழுத்துக்குக் கீழே மஞ்சள் கிளம்பி, விலாவில் நீலப் பட்டைகள் வரிசையாக எரிந்தன. வளைந்த காலை ஊன்றிக்கொண்டு, முழுசாக நிமிர முடியாமல் நிமிர்ந்து நின்றது.

"அம்மா!" என்று கத்தினார் எட்வின் அண்ணன். "அம்மா, பாரும்மா! வந்துட்டான்மா!"

அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். என்ன சமைத்தாய் என்று கேட்டார். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை அடைத்தாயிற்றா என்று கேட்டார். அம்மா படி இறங்கிப் போகும்போது நான் கவனித்தேன், மூன்று மாடிக்கும் ஒரு இயேசுகூட இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு அம்மாவே கைப்பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்தார்கள். சின்ன சைஸ், பின்பக்கம் ரோஜாப்பூ போட்டது. "உன்னுது ரொம்பப் பழசுப்பா, மங்கலா இருக்கு" என்றார்கள்.

நான் சொன்னேன் அண்ணா. சும்மா இருந்துவிடவில்லை. 'அம்மா, அதுக்கு அது அவ்வளவா பிடிக்காதுன்னு நினைக்கிறேன்' என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

"ஒரு நிமிஷந்தானேப்பா. வாரத்துல ஒரு நிமிஷம் கோவப்பட்டா செத்தா போயிரும்? நான் எட்டு மாசம் கோவமா இருந்தேன். செத்தா போயிட்டேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வீங்க? கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் கண்ணாடியை எடுத்தால் நிறம் இறங்கும். இறங்கினால் அவர், "என்னம்மா, டல் ஆவுறான்?" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். பேச்சு நிற்கக் கூடாது என்றால் கண்ணாடி இருந்தாக வேண்டும். அம்மா பேசுவார்கள், நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், கை கடுக்கும். அது வாயைப் பிளந்து சீறிக்கொண்டே இருக்கும். 'சிரிக்கிறான் பாரும்மா' என்பார் அவர்.

பாவம், இரண்டு பேர் பேரிலும் குற்றம் சொல்ல முடியாது. சின்ன வயசில் அவர் டைபாய்டில் கிடந்ததைப் பேசிக்கொண்டார்கள். அவர் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு அம்மா அழுதார்கள், அவரும் அழுதார். நான் எப்படிக் கையை இறக்குவது?

திங்கட்கிழமை கருத்துப்போய்க் கிடக்கும். செவ்வாயும் அப்படியே. புதன் வியாழனில் பச்சை திரும்பும். வெள்ளிக்கிழமை ஒரு சில்வண்டு எடுக்கும். அப்பாடா என்றிருக்கும். ஞாயிறு வந்துவிடும். அக்டோபரில் மழை பிடித்தது, வெயிலே இல்லை, விளக்குக்குக் கரண்டு இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பிட்டது சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அப்புறம் சனிக்கிழமையும் இல்லை.

எட்வின் அண்ணனுக்கு எழுதிவிடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். பெரிதாக எழுதினேன். கண்ணாடி, ஷோகேஸ், டாக்டர் சொன்னது எல்லாம். படித்துப் பார்த்தேன். அம்மாமேல் பழி போடுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். அவர்மேல் பழி போடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் 'மிட்டாய் கொஞ்சம் டயர்டுண்ணா, மத்தபடி ஓகே' என்று அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சொல்லாமல் விடவில்லை, பாருங்க. டயர்டு என்று எழுதினேன்.

போன ஞாயிறு அது நிறம் காட்டவே நேரமாயிற்று. மஞ்சள் வந்தது, நீலம் பாதிதான் வந்தது. எட்வின் அண்ணன் நிறத்தைக் கவனிக்கவில்லை. என்னவோ தடுமாறிக்கொண்டிருந்தார். "அம்மா, அடுத்த வாரம் ஜூலியாவும் என்கூட இருப்பா. மிட்டாயைப் பார்க்கணும்ங்கறா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீ அவகிட்ட... பேசுவியாம்மா?" என்றார்.

அவருக்கு அம்மா முகம் தெரியாது, மிட்டாய்தான் தெரியும். கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று கையை அசைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே, இரு என்று விரலைக் காட்டினார்கள். இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "பேசறேன்டா" என்றார்கள்.

புதன்கிழமை காலையில் கடைக்குக் கிளம்புமுன் தண்ணீர் தெளித்தேன். கிளையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்குப் பரவாயில்லையே என்று நினைத்தேன். ஒரு சொட்டு நேராகத் திறந்த கண்மேல் விழுந்து உருண்டது. கண் மூடவில்லை. அப்போதுதான் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாகக் கிளையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது அண்ணா. செத்த பிறகும் என்ன பிடி. மொட்டைமாடியில் செடியில்லாத பூந்தொட்டி ஒன்று இருந்தது. அதில்தான் புதைத்தேன்.

வியாழக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றே செய்தேன்.

"பொன்ராஜு! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு மொத மொத என்னப் பார்க்கப்போவுது. இந்தத் தடவை போனை என் பக்கம் திருப்பப்போறேன். நீலச் சேலை கட்டினா மிட்டாய்க்குப் பக்கத்துல நல்லாத் தெரியுமா?"

'நல்லா இருக்கும்மா' என்றேன்.

"இது எங்க வீட்டு மிட்டாய், உனக்குப் புடிச்சிருக்கான்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கணும்? ரெண்டு வரி சொல்லிக் குடேன்."

சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை தப்பில்லாமல் வந்தது. போனை வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் முடிந்து நேற்று மத்தியானம் உங்கள் போன். 'ஏமன் ஜாதி, ஆண், மூணு வயசு' என்றீங்க. அதனால்தான் அண்ணா, முடியாது என்று உடனே சொல்ல வரவில்லை. இழுத்தேன்.

உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். கொண்டை இதற்குக் கொஞ்சம் சிறிசு. மிட்டாய்க்கு வால் நுனி முறிந்திருக்கும், இலைக்குப் பின்னால் வைத்தால் போனில் தெரியாது. தெரசம்மாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் எப்போதும் போன் திரையைத்தான் பார்ப்பார்கள், கூண்டைப் பார்க்க மாட்டார்கள். நாளைக்கு நாலு மணிக்கு இதை மிட்டாய் என்று காட்டினால், அந்த அம்மா நீலச் சேலையோடு அந்தப் பெண்ணிடம் இரண்டு வரி பேசிவிடுவார்கள். அதற்கப்புறம் மிட்டாய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அவர்களே பேசிக்கொள்வார்கள். ஒருநாள் போதும்.

ஆனால் நிறம் வர வேண்டும். இது இப்போதுதான் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. கண்ணாடியை ஒரு தடவைகூடத் தாங்காது. அது எனக்குத் தெரியும்.

இது உங்களுடையது. பத்து நாளாகத் தூங்காமல், மழையில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீங்க. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க சொல்கிறதுதான். நாளைக்கு இதைக் காட்டட்டுமா, வேண்டாமா?

என்னண்ணா, எழுந்துவிட்டீங்க?

எனக்கு எது சரியென்று படுகிறதோ அதையா செய்யச் சொல்கிறீங்க? இல்லை அண்ணா, 'உன்கிட்ட ஒப்படைச்சாச்சு, நீ பார்த்துச் செய்வே' என்றெல்லாம் சொல்லாதீங்க. டிராபிக் ஆகிவிடும், தெரியும். ஒரு நிமிஷம். இவ்வளவு நேரம் நான் எதற்குச் சொன்னேன்? கேட்டுவிட்டு, கூடாது என்று நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்க என்றுதானே. திட்டியாவது சொல்லுங்க. 'என் பிராணியைத் தொடாதேடா' என்று சொல்லுங்க. நான் கேட்பேன் அண்ணா. யார் என்ன சொன்னாலும் நான் கேட்பேன்.

அண்ணா.

சரி. பார்த்து இறங்குங்க, இரண்டாவது மாடியில் பாசி வழுக்கும்.